செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகங்கள்: சேர்த்தவர்களும் காத்தவர்களும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்யாவின் இரண்டாவது பெரிய நகரம். நேவா ஆறு பின்லாந்து வளைகுடாவில் கலக்கும் சதுப்பு நிலப்பகுதியில் 1703-ஆம் ஆண்டு ஜார் மன்னர் முதலாம் பீட்டர் இந்நகரை நிறுவினார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1712 முதல் 1918 வரை இதுவே ரஷ்யாவின் தலைநகரம். 1914-இல் பெத்ரோகிராத் என்றும், 1924-இல் லெனின்கிராத் என்றும் பெயர் மாற்றப்பட்டது. 1991-இல் பழைய பெயர் மீண்டும் வந்தது. நகரின் பழைய மையப்பகுதி 1990-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்க்கப்பட்டது.

இந்நகருக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களையும் அரண்மனைகளையும் காணவே செல்கிறார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் அருகே உள்ள சிறிய குறிப்பு, அதை யார் செய்தார், எப்போது செய்தார் என்று சொல்லும். வரலாறு படிக்கும் மாணவர் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்பொருள் இங்கே எப்படி வந்தது? இதுவரை இதை அழியாமல் காத்தவர் யார்? புரட்சி, பஞ்சம், முற்றுகை, மீட்டுருவாக்கம் எல்லாவற்றையும் கண்ட இந்நகரில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடினால், முந்நூறு ஆண்டு ரஷ்ய வரலாறே விரியும்.

குன்ஸ்ட்காமரா: முதல் அருங்காட்சியகம்

ரஷ்யாவின் முதல் அருங்காட்சியகமான குன்ஸ்ட்காமராவை 1714-இல் பீட்டர் தொடங்கினார். ஜெர்மன் மொழியில் 'கலைக்கூடம்' என்று பொருள்படும் பெயர் இது. மேற்கு ஐரோப்பாவில் பயணம் செய்தபோது பீட்டர் அரிய பொருள்களை வாங்கிக் குவித்தார். ஆம்ஸ்டர்டாம் நகர உடற்கூறு அறிஞர் பிரெடெரிக் ரூய்ஷின் சேகரிப்பை 1717-இல் 30,000 கில்டர் கொடுத்து வாங்கினார். 1719-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தபோது, அச்சேகரிப்பு கிக்கின் என்ற பிரபுவின் மாளிகையில் இருந்தது. அவருக்கு மரண தண்டனை விதித்துப் பறிமுதல் செய்த மாளிகை அது. நேவா ஆற்றங்கரையில் கோபுரத்துடன் நிற்கும் இன்றைய கட்டடத்துக்கு 1728-இல் அருங்காட்சியகம் மாறியது.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் வசூலிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது பீட்டர் மறுத்துவிட்டார் என்றும், வருபவர்களுக்குக் காப்பியும் மதுவும் கொடுத்து உபசரிக்கச் செலவுத் தொகை ஒதுக்கினார் என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. மக்கள் பேய் பிசாசு என்று அஞ்சியவற்றைக் கண்ணால் பார்த்து இயற்கையை அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். உடற்குறைகளுடன் பிறந்து இறந்த சிசுக்களைப் பதப்படுத்தி வைத்திருக்கும் அறை இன்றும் உள்ளது. சிறு பிள்ளைகளுடன் செல்பவர்கள் அவ்வறையைத் தவிர்ப்பது நல்லது.

தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இங்கு உண்டு. குன்ஸ்ட்காமரா இப்போது மானிடவியல், இனவியல் அருங்காட்சியகமாகச் செயல்படுகிறது. அதற்காகப் பொருள் சேகரிக்க அலெக்சாந்தர் மெர்வார்த், அவர் மனைவி லுத்மிலா மெர்வார்த் ஆகிய இருவரும் 1914-இல் இலங்கைக்கு வந்தனர். முதல் உலகப்போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கி, தென்னிந்திய, இலங்கை மக்களின் அன்றாட வாழ்க்கைப் பொருள்களைச் சேர்த்தனர். நாடு திரும்பிய மெர்வார்த் தமிழ் கற்பித்தார். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, அறிவியல் கழக அறிஞர்கள் மீது தொடுக்கப்பட்ட அரசியல் வழக்கில் கணவன், மனைவி இருவரும் கைது செய்யப்பட்டனர். அலெக்சாந்தர் 1932-இல் சிறைமுகாமில் இறந்தார். விடுதலையான லுத்மிலா பிற்காலத்தில் மலாய், இந்தோனேசிய மொழிகளைக் கற்பித்தார். சேகரித்தவர் சிறைமுகாமில் மடிந்தாலும், அவர் கொண்டுசென்ற பொருள்கள் அருங்காட்சியகத்தில் நிலைத்தன.

ஹெர்மிடேஜ்: வாங்கியவையும் விற்றவையும்

நகரின் மிகப் பெரிய அருங்காட்சியகம் ஹெர்மிடேஜ். ரஸ்ட்ரெல்லி என்ற கட்டடக்கலைஞர் 1754 முதல் 1762 வரை கட்டிய குளிர்கால அரண்மனையும், அதை ஒட்டி ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் கட்டடங்களும் சேர்ந்ததே இது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இங்குள்ளன. அவற்றில் ஒரு சிறு பகுதியே காட்சிக்கு வைக்கப்படுகிறது.

பேரரசி இரண்டாம் கேத்தரின் 1764-இல் பெர்லின் வணிகர் கோட்ஸ்கோவ்ஸ்கியிடமிருந்து ஓவியத் தொகுதி ஒன்றை வாங்கினார். ஹெர்மிடேஜின் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறார்கள். பாரிசின் குரோசா தொகுதி 1772-இலும், இங்கிலாந்தின் வால்போல் தொகுதி 1779-இலும் வந்து சேர்ந்தன. கடன்பட்டவர்களும், வாரிசுகள் விற்க முன்வந்தவர்களும் எங்கே இருக்கிறார்கள் என்று ரஷ்யத் தூதர்கள் கண்காணித்து வந்தார்கள். 'ஹெர்மிடேஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் துறவியின் தனியிடம் என்று பொருள். பெயருக்கேற்ப, பேரரசியும் அவர் அழைத்தவர்களும் மட்டுமே அங்கே நுழைய முடிந்தது. முதலாம் நிக்கோலாஸ் காலத்தில், 1852-இல்தான் புதிய ஹெர்மிடேஜ் கட்டடம் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அப்போதும் அரண்மனை அலுவலகத்தில் அனுமதிச்சீட்டு பெற வேண்டும், உடைக்கும் விதி இருந்தது. அந்தக் கட்டுப்பாடுகள் 1860-களில் தளர்ந்தன.

எல்லாப் பொருள்களும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739-இல் டெல்லியைக் கொள்ளையிட்டார். 1741-இல் அவருடைய தூதுக்குழு பீட்டர்ஸ்பர்க்குக்கு யானைகளையும் முகலாய அரண்மனை நகைகளையும் பரிசாகக் கொண்டுவந்தது. அந்த முகலாய நகைகளில் சில இன்றும் ஹெர்மிடேஜில் உள்ளன. பிற்கால ஓவியங்களின் கதை வேறு. மாஸ்கோ வணிகர்களான செர்கெய் ஷுகினும் இவான் மொரோசோவும் சேர்த்த பிரெஞ்சு ஓவியங்களைப் புரட்சி அரசு 1918-இல் நாட்டுடைமையாக்கியது. அவை 1948-இல் மாஸ்கோவுக்கும் லெனின்கிராதுக்கும் பங்கிடப்பட்டன. மத்தீசின் 'நடனம்' ஹெர்மிடேஜுக்கு வந்தது இப்படித்தான்.

வந்தது போலவே போனதும் உண்டு. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது, சோவியத் அரசு அருங்காட்சியக ஓவியங்களை இரகசியமாக விற்றது. அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் 1930, 1931-ஆம் ஆண்டுகளில் 21 ஓவியங்களைச் சுமார் 66 லட்சம் டாலருக்கு வாங்கினார். ராபேலின் 'ஆல்பா மடோனா'வும் 'புனித ஜார்ஜ்' ஓவியமும் அவற்றில் அடக்கம். அவை இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. ஹெர்மிடேஜின் கீழை நாட்டுப் பிரிவிலும் கை வைக்க முயன்றபோது, அதன் பொறுப்பிலிருந்த ஜோசப் ஓர்பெலி 1932-இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அப்பிரிவைத் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அதிகாரத்துக்கு எதிராக வாய் திறக்கவே மனிதர்கள் அஞ்சிய காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1934-இல் ஓர்பெலி ஹெர்மிடேஜின் இயக்குநரானார்.

1941: வெறும் படச்சட்டங்கள்

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது படையெடுத்தது. ஹெர்மிடேஜ் ஊழியர்களும், உதவிக்கு வந்த மாணவர்களும் கலைஞர்களும் இரவு பகலாகப் பொருள்களைப் பெட்டிகளில் அடுக்கினர். முதல் ரயில் ஜூலை 1-ஆம் தேதியும், இரண்டாவது ரயில் ஜூலை 20-ஆம் தேதியும் யூரல் மலைப்பகுதியிலுள்ள ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்குப் புறப்பட்டன. பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு வெளியேறின. மூன்றாவது ரயிலுக்குப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தபோதே பாதை அடைபட்டது. செப்டம்பர் 8 அன்று நகரம் முற்றுகைக்குள் சிக்கியது.

அந்த முற்றுகை 1944 ஜனவரி 27 வரை, 872 நாள்கள் நீடித்தது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாள் ரொட்டிப் பங்கு 125 கிராம் மட்டுமே. அதிலும் கலப்படம் மிகுதி. மரவேலைக்குப் பயன்படும் விலங்குப் பசையைக் காய்ச்சிக் குடித்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. பசியாலும் குளிராலும் குண்டுவீச்சாலும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்து லட்சம் வரை இருக்கும் என்று கணிப்பவர்களும் உள்ளனர்.

ஹெர்மிடேஜ் நிலவறைகளில் பன்னிரண்டு பதுங்குமிடங்கள் அமைக்கப்பட்டன. சுமார் இரண்டாயிரம் பேர் அங்கே தங்கினர். மேலே கண்ணாடிகள் உடைந்து மண்டபங்களுக்குள் பனி விழுந்தது. கொண்டுசெல்ல முடியாத பொருள்களை ஊழியர்கள் தளத்துக்குத் தளம் மாற்றிக் காத்தனர். அந்நிலையிலும் 1941 அக்டோபரில் அஜர்பைஜான் கவிஞர் நிசாமியின் 800-ஆவது பிறந்த ஆண்டு விழாவும், டிசம்பரில் உஸ்பெக் கவிஞர் அலிஷேர் நவாயின் 500-ஆவது பிறந்த ஆண்டு விழாவும் ஹெர்மிடேஜில் நடந்தன. போர்முனையிலிருந்து அனுமதி பெற்று வந்த அறிஞர்கள் கட்டுரை வாசித்தார்கள்.

ஓவியங்களைக் கழற்றி அனுப்பியபோது படச்சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவைத்தார்கள். திரும்பி வரும் ஓவியங்கள் அவரவர் இடத்தில் அமர வேண்டும் அல்லவா? 1942-இல் மண்டபங்களைச் சுத்தம் செய்ய உதவிய படைவீரர்களுக்கு நன்றி சொல்ல, ஹெர்மிடேஜ் ஊழியர் பாவெல் குப்செவ்ஸ்கி அவர்களை அந்த வெறும் சட்டங்கள் தொங்கிய அறைகளுக்கு அழைத்துச் சென்றார். இந்தச் சட்டத்தில் எந்த ஓவியம் இருந்தது, அதில் யார் நிற்கிறார்கள், ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று நினைவிலிருந்தே ஒவ்வொன்றாக விளக்கினார். ஓவியமே இல்லாத சுவர்களின் முன் வீரர்கள் நின்று கேட்டார்கள்.

போர் முடிந்த பின், 1945 அக்டோபரில் பெட்டிகள் திரும்பி வந்தன. நவம்பரில் ஹெர்மிடேஜ் மக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து சோவியத் படைகள் எடுத்துவந்த கலைப்பொருள்களும் இங்கே சேர்ந்தன. பெர்கமோன் பலிபீடத்தின் சிற்பங்கள் 1950-களின் இறுதியில் கிழக்கு ஜெர்மனிக்குத் திருப்பித் தரப்பட்டன. ஜெர்மன் தனியார் சேகரிப்புகளிலிருந்து வந்த ஓவியங்கள் சில ஐம்பது ஆண்டுகள் பூட்டிய அறைகளில் இருந்து, 1995-இல்தான் காட்சிக்கு வந்தன. அவை யாருக்கு உரியவை என்ற வழக்கு இரு நாடுகளுக்கிடையே இன்னும் தீரவில்லை. தன் உடைமையைக் காக்க உயிரைக் கொடுத்த நகரம், பிறர் உடைமையை வைத்திருக்கிறது என்ற உண்மையையும் மாணவர் மறைக்காமல் படிக்க வேண்டும்.

ஈசாக் சதுக்கம்: நிலவறையும் விதைகளும்

ஹெர்மிடேஜிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் புனித ஈசாக் பேராலயம் உள்ளது. மோன்ஃபெரான் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞரின் திட்டப்படி 1818 முதல் 1858 வரை நாற்பது ஆண்டுகள் கட்டப்பட்டது. உயரம் 101.5 மீட்டர். 262 படிகள் ஏறினால் குவிமாடத்தைச் சுற்றியுள்ள தூண் வரிசையிலிருந்து நகரம் முழுவதையும் காணலாம். போர்க்காலத்தில் பொன்முலாம் பூசிய குவிமாடத்துக்குச் சாம்பல் நிறம் அடித்து மறைத்தார்கள். அதன் நிலவறைகளில், எதிரி கைப்பற்றிய புறநகர் அரண்மனைகளிலிருந்து மீட்ட பொருள்கள் வைக்கப்பட்டன. பாவ்லோவ்ஸ்க் அரண்மனையின் பொறுப்பாளர் அன்னா செலெனோவா, ஜெர்மன் படை நெருங்கும் கடைசி நேரம் வரை பெட்டிகள் கட்டி அனுப்பிவிட்டு, நடந்தே நகருக்கு வந்து சேர்ந்தவர். ஈரம் சொட்டும் அந்த நிலவறையில் அவரும் சக காப்பாட்சியர்களும் பொருள்களைக் காத்தனர். போருக்குப் பின் அந்த அரண்மனையை மீட்டெழுப்பும் பணிக்கும் அவரே தலைமை தாங்கினார். பேராலயத் தூண்களில் எறிகணை பட்ட வடுக்கள் சரிசெய்யப்படாமல் அப்படியே விடப்பட்டுள்ளன.

அதே சதுக்கத்தில் தாவர வளர்ப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நிக்கோலாய் வவிலோவ் உலகமெங்கும் அலைந்து சேர்த்த பயிர் விதைகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. நெல், கோதுமை, சோளம், நிலக்கடலை, உருளைக்கிழங்கு என உண்ணத்தக்கவை டன் கணக்கில் இருந்தன. முற்றுகையின் முதல் குளிர்காலத்தில் அவற்றைக் காத்த அறிவியலாளர்கள் பலர் பட்டினியால் இறந்தனர். நெல் சேகரிப்பைக் கவனித்த திமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே இறந்தார். நிலக்கடலைப் பிரிவின் அலெக்சாந்தர் ஷுகினும் அவ்வாறே இறந்தார். வருங்கால விளைச்சலுக்கான வித்து என்பதால் ஒரு பிடி அரிசியையும் அவர்கள் எடுக்கவில்லை. விதைநெல்லை உண்ணக்கூடாது என்பதை அறிந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் விளங்கும். அவர்கள் தலைவரான வவிலோவ் 1940-இல் கைது செய்யப்பட்டு, 1943-இல் சரதோவ் சிறையில் மடிந்தார்.

புறநகர் அரண்மனைகள்: அசலும் நகலும்

பின்லாந்து வளைகுடாக் கரையிலுள்ள பீட்டர்ஹாஃப் அரண்மனை நீரூற்றுகளுக்குப் புகழ்பெற்றது. எந்த நீரேற்று இயந்திரமும் இன்றி, மேட்டு நிலத்து ஊற்றுகளிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீச்சியடிக்கிறது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை இது ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. பேரரண்மனை எரிந்தது. நடு நீரூற்றில் சிங்கத்தின் வாயைப் பிளந்து நின்ற சாம்சன் சிலை காணாமல் போனது. இப்போது அங்கே நிற்பது சிற்பி வசீலி சீமனோவ் செய்து 1947-இல் நிறுவிய புதிய சிலை.

த்சார்ஸ்கோயே செலோவிலுள்ள கேத்தரின் அரண்மனையின் அம்பர் அறையும் அத்தகையதே. 1716-இல் பிரஷ்ய மன்னர் பீட்டருக்குப் பரிசளித்த அம்பர் பலகைகள் அதன் தொடக்கம். போர் வந்தபோது, எளிதில் நொறுங்கும் பலகைகளைக் கழற்ற முடியாமல் மூடி மறைத்துவைத்தார்கள். ஜெர்மன் படை அதைக் கழற்றிக் கோனிக்ஸ்பெர்க் நகருக்குக் கொண்டுசென்றது. போரின் முடிவில் அது எங்கே போனது என்பது இன்றுவரை புதிர். 1979-இல் தொடங்கிய மீட்டுருவாக்கம், நகரின் 300-ஆவது ஆண்டான 2003-இல் நிறைவடைந்தது. நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று சிலர் கேட்பதுண்டு. பழைய புகைப்படங்களையும் துண்டுகளையும் வைத்து, மறந்துபோன கைத்தொழிலைப் புதிதாகக் கற்று, இரு தலைமுறைக் கைவினைஞர்கள் செய்த வேலை அது. அந்த உழைப்பு அசலானது.

மூடப்பட்ட அருங்காட்சியகம்

இந்நகரில் பயணிகள் அதிகம் செல்லாத இடம், சோல்யனோய் தெருவிலுள்ள லெனின்கிராத் பாதுகாப்பு, முற்றுகை அருங்காட்சியகம். முற்றுகை நீங்கிய சில மாதங்களில், 1944 ஏப்ரல் இறுதியில் இது கண்காட்சியாகத் தொடங்கி, 1946-இல் அருங்காட்சியகமானது. மக்கள் தங்கள் நாட்குறிப்புகளையும் வீட்டுப் பொருள்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் லெனின்கிராதின் தனிப்பெருமை மாஸ்கோ தலைமைக்குப் பிடிக்கவில்லை. நகரத் தலைவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டபோது, 1949-இல் இதுவும் மூடப்பட்டது. முன்னாள் இயக்குநர் லெவ் ராகவ் கைதானார். 1953-இல் அருங்காட்சியகமே கலைக்கப்பட்டது. சேகரிப்பின் ஒரு பகுதி பிற அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றது, மற்றொரு பகுதி அழிந்தது. 1989-இல் மீண்டும் திறந்தபோது, முதியவர்கள் வீட்டில் பாதுகாத்தவற்றைத் திரும்பவும் கொண்டுவந்து தந்தார்கள். பகைவனின் குண்டுக்குத் தப்பிய நினைவுகளைச் சொந்த அரசிடமிருந்தும் காக்க வேண்டியிருந்தது.

ருமியான்த்சேவ் மாளிகையிலுள்ள நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் தான்யா சாவிசெவா என்ற சிறுமியின் சிறு குறிப்பேட்டையும் நினைவுகூர்வார்கள். தன் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் இறந்த நாளையும் நேரத்தையும் ஒன்பது பக்கங்களில் அவள் எழுதிவைத்தாள். வெளியூருக்கு மீட்கப்பட்டும், 1944-இல் அவளும் இறந்தாள்.

பார்வையிடுவோருக்குச் சில குறிப்புகள்

ஹெர்மிடேஜ், குன்ஸ்ட்காமரா இரண்டும் வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை. ரஷ்ய ஓவியங்களுக்கான ரஷ்ய அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இது 1898-இல் மிகயீலோவ்ஸ்கி அரண்மனையில் திறக்கப்பட்டது. ரேப்பினின் 'வோல்காவில் படகிழுப்போர்', பிரியுலோவின் 'பொம்பெயின் கடைசி நாள்', ஐவசோவ்ஸ்கியின் 'ஒன்பதாம் அலை' ஆகியவற்றை இங்கே காணலாம். நேரங்கள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஹெர்மிடேஜை ஒரே நாளில் முழுவதும் பார்க்க எவராலும் முடியாது. ஐந்தாறு அறைகளைத் தேர்ந்து நிதானமாகப் பார்ப்பதே பயன் தரும். குளிர்காலத்தில் மேலங்கியை நுழைவாயிலிலேயே ஒப்படைக்க வேண்டும். பீட்டர்ஹாஃப் நீரூற்றுகளைக் காணக் கோடைக்காலமே ஏற்றது. ஜூன் மாத 'வெண்ணிரவு'களில் நள்ளிரவிலும் வெளிச்சம் முழுதாக மறையாது. கப்பல் போக்குவரத்துக்காக அக்காலத்தில் இரவில் நேவா பாலங்கள் தூக்கப்படும் என்பதால், தங்குமிடம் அக்கரையில் இருப்பவர்கள் நேரத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும்.

கட்டணமின்றிப் பார்க்கக்கூடியவையும் உண்டு. நேவ்ஸ்கி சாலையில் 14-ஆம் எண் கட்டடச் சுவரில், எறிகணை வீச்சின்போது தெருவின் அந்தப் பக்கம் மிக ஆபத்தானது என்று எச்சரித்த வாசகம் நினைவாகப் பேணப்படுகிறது. அதே சாலையின் அனிச்கோவ் பாலத்தில் நான்கு வெண்கலக் குதிரைகள் நிற்கின்றன. முற்றுகையின்போது அவற்றை இறக்கி, அருகிலிருந்த தோட்டத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்துக் காத்தார்கள். போர் முடிந்ததும் தோண்டியெடுத்து அவற்றின் பீடங்களில் மீண்டும் ஏற்றினார்கள். பீடத்தின் கருங்கல்லில் எறிகணைத் துண்டு பட்ட வடுவை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.